பவுண்டில் ஒரு சினை நாய்

யேசுதாஸ் ராத்திரி ஷிப்டுக்குப் போயிருந்தபோது அவன் வீட்டுக் கொல்லைக் கதவை யாரோ தள்ளிப் பார்த்தார்கள். உள்ளே தனியாக இருந்த அவன் மனைவி ரோசம்மாள் அரிவாள்மணையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். காலையில் கொல்லையில் யாருடைய தடமும் இல்லை. கதவின் தாழ்ப்பாள் மட்டும் பாதி நகர்ந்திருந்தது.

"எனக்கு ஒரு நாய் வோணும்" என்றாள், அவன் வேலை முடிந்து வந்ததும்.

யேசுதாஸ் மறுக்கவில்லை. காக்களூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பட்டறைகளில் ஒன்றில் கம்பி இழுக்கும் மெஷினில் அவனுக்கு வேலை. பட்டறைக்குப் பின்னால் பொட்டலில் தனியாக நின்றது அவர்களுடைய ஓட்டு வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு கிடையாது. அவன் தம்பி தானியேல் லாரியில் கிளீனர். லோடு இல்லாத நாட்களில் அண்ணன் வீட்டில்தான் சோறும் தூக்கமும். எளாவூர் செக்போஸ்டில் லாரி நின்றுவிட்டால் அவனும் வரமாட்டான். அப்படிப்பட்ட ராத்திரிகளில் ரோசம்மாளுக்குத் துணை அந்தத் தாழ்ப்பாள்தான்.

கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தை இல்லை. இரண்டு தடவை நாள் தள்ளிப்போனது என்று ரோசம்மாள் ஆசையோடு சொன்னாள். இரண்டு தடவையும் அது வெறும் தாமதம்தான். அவளுடைய அக்காமார்கள் குறை அவளிடம்தான் என்று முகத்துக்கு நேராகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யேசுதாஸ் எழுந்து வெளியே போய்விடுவான். மனைவிக்காகப் பரிந்து ஒரு வார்த்தை அவன் பேசியதில்லை. அவன் ரோஷக்காரன் என்று ரோசம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை காலை சைக்கிளின் பின்னால் அவளை உட்கார வைத்து மிதித்துக்கொண்டு திருவள்ளூர் போனான்.

தெருநாய்களைப் பிடித்து அடைக்கும் பவுண்டு ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, இரும்பு வலை, பினாயிலையும் மீறி அடிக்கும் வாடை. இவர்கள் தலையைக் கண்டதும் எல்லா நாய்களும் ஒரே சமயத்தில் குலைத்தன. கோடியில் இருந்த கூண்டில் ஒரு செவலை நாய் மட்டும் குலைக்கவில்லை. ஒரு காது கிழிந்து ஆறியிருந்தது. வலைக்குப் பக்கத்தில் வந்து நின்று ரோசம்மாளை ஏறிட்டுப் பார்த்தது.

"இது" என்றாள் ரோசம்மாள்.

"அது பெட்டைம்மா" என்றான் பவுண்டுக்காரன். "அதோ, அந்தக் கருப்புக் கடுவனை இட்டுக்கினு போ. ஒரு தொல்லையும் இல்ல."

"பெட்டைன்னா இன்னா தொல்லை?"

"பெட்டைய சும்மா வுட மாட்டோம். மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு போய் ஆபரேஷன் பண்ணி, குட்டி போடாத மாரி ஆக்கினதுக்கு அப்பாலதான் குடுக்கணும். டாக்டரு ஆர்டரு."

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த யேசுதாஸ் அப்படியே நின்றான்.

"வேற பாரு ரோசு. ஆபரேஷன் அது இதுன்னு எதுக்கு பேஜாரு?"

"இத்தப் பாரேன். மத்தது எல்லாம் சும்மா கத்துது. இது ஆளைப் பாத்துக்கினு கீது. எனக்கு இதான் வோணும்."

பவுண்டுக்காரன் தண்ணீர் டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்தான். "எதுவா இருந்தாலும் சட்டுனு முடிவு பண்ணுங்க. சாயங்காலம் வண்டி வரும். அப்பால இங்க ஒண்ணும் இருக்காது."

"வண்டில ஏத்தி எங்க கொண்டு போவீங்க?"

அவன் அடுத்த டப்பாவையும் கவிழ்த்தான். எந்தக் கூண்டிலும் அவன் திரும்பத் தண்ணீர் ஊற்றவில்லை என்பதை ரோசம்மாள் அப்போதுதான் கவனித்தாள்.

"கூண்டைத் தொற" என்றாள்.

*

மாட்டாஸ்பத்திரி வாசலில் சனிக்கிழமைக் கூட்டம். ஊசி போட வந்த எருமைகள், கால் ஒடிந்த ஒரு ஆடு. செவலை நாய் கழுத்துக் கயிற்றை இழுக்காமல் ரோசம்மாளின் புடவையை ஒட்டியே நடந்து வந்தது.

டாக்டர் அனந்தபத்மநாபன் பெருமாள் கோவில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் யாருக்கும் பிடிக்காத படிப்பைப் படித்து, மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்க வந்தவர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. பேச்சில் அவசரம் இருக்காது.

"கோபிச்சுக்காதேம்மா. இந்த ஆர்டர் நான் போட்டதுதான்" என்றார். "ஒரு பெட்டையைப் பாவம்னு இரக்கப்பட்டுக் கூட்டிண்டு போறீங்க. அது குட்டி போடறது. குட்டியை எல்லாம் வளர்க்க முடியாம ரோட்டுல விட்டுடறீங்க. அடுத்த வருஷம் அதுகளை நான் அதே கூண்டுல பார்க்கறேன். காலையில ஏதாவது தின்னுதா இது?"

"பவுண்டுல ஒண்ணும் போடலையாம் சார்."

"நல்லதாப் போச்சு. வெறும் வயித்துலதான் மயக்க மருந்து கொடுக்கணும். பச்சையப்பா, வாயைக் கட்டி மேஜை மேல ஏத்து. இந்த எருமையை முடிச்சுட்டு வரேன்."

கம்பவுண்டர் பச்சையப்பன் நரைத்த தலைக்காரர். கண் மட்டும் கூர்மையானது. ரோசம்மாளை வெளியே குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். யேசுதாஸ் நாயின் முன்னங்காலைப் பிடித்துக்கொள்ள, அவர் துணிப்பட்டையை அதன் வாயைச் சுற்றிக் கட்டினார். கட்டிவிட்டு நிமிர்ந்தவர் நாயைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தார்.

"உன்னை எங்கியோ பாத்துக்கீறேனே."

"காக்களூர்ல பட்டறைல கீறேன்."

"நானும் காக்களூர்தான், ஏரிக்கரைப் பக்கம். அங்க இல்ல. அதுக்கு முன்ன." அவர் கண்ணைச் சுருக்கினார். "பெரியபாளையம் பக்கம் ரோடு போட்ட கூட்டத்துல நீ இருந்தியா?"

யேசுதாஸ் நாயின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அது முனகியது.

"இல்ல."

"மெதுவா, மெதுவா. கால ஒடச்சிடாத." பச்சையப்பன் குரலைத் தாழ்த்தினார். "நா இங்க வர்றதுக்கு முன்ன குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்ல வேலைல இருந்தேன். கூடாரம் போட்டிருந்தாங்க. ஒரு மேஸ்திரி லாரி நெறைய ஆளுங்கள ஏத்திக்கினு வந்தான். அதுல ஒரு பையன், எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து, எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே, இன்னா பண்ணீங்க என்னைன்னு..."

"அது நா இல்ல."

"அப்படி அழுதான் அந்தப் பையன். மூஞ்சி மறக்கல எனக்கு."

வாளியின் பிடி கிணுகிணுத்தது. ரோசம்மாள் உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"யாருக்கு கல்யாணம் ஆவலியாம்?"

பச்சையப்பன் யேசுதாஸைப் பார்த்தார். யேசுதாஸ் மேஜையைப் பார்த்தான். பினாயில் வாடை திடீரென்று அதிகமானது போல் அவனுக்கு இருந்தது.

"தெரிஞ்ச பையன் ஒருத்தன்மா" என்றார் பச்சையப்பன். "வாளிய அங்க வை."

எழுபத்தொன்றில் நடந்தது அது. ஊசி போடப் போகிறார்கள் என்று சொல்லித்தான் மேஸ்திரி லாரியில் ஏற்றினான். கேட்டால் கல்யாணம் ஆனவன் என்று சொல், இல்லாவிட்டால் நாளைக்கு வேலை கிடையாது என்றான். யேசுதாஸ் அப்படியே சொன்னான். திரும்பி வரும்போது ஒரு வேட்டியும் பிளாஸ்டிக் வாளியும் கொடுத்தார்கள். அவனுக்கு என்ன செய்தார்கள் என்று பக்கத்தில் படுத்திருந்த கிழவர்தான் விளக்கிச் சொன்னார். அம்மா பெண் பார்த்தபோது வேண்டாம் என்றான். காரணம் கேட்டாள். சொல்ல வாய் வரவில்லை. தாலி கட்டினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த விஷயம் சொல்ல முடியாததாக வளர்ந்துகொண்டே போயிற்று. தம்பிக்குக்கூடத் தெரியாது.

*

டாக்டர் வந்தார். நாயின் அடிவயிற்றில் இரண்டு கைகளையும் வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"சினையா இருக்கே" என்றார்.

ரோசம்மாளின் கை தானாகப் போய் நாயின் முதுகில் படிந்தது.

"இப்பவும் பண்ணலாம். கர்ப்பப்பையோட எடுத்துடுவேன். குட்டி போயிடும். தாய்க்கு ஒண்ணும் ஆகாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"பண்ணிடுங்க சார்" என்றான் யேசுதாஸ். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பச்சையப்பன் நிற்கும் அந்த அறையிலிருந்து எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் அவனுக்கு.

"வாணாம்" என்றாள் ரோசம்மாள்.

"ரோசு."

"வாணாம்னா வாணாம். வயித்துல உசிரோட கீறப்ப அறுக்க வாணாம் சார். குட்டி போடட்டும். பால் மறந்தப்பால நானே இட்டாந்து வுடறேன்."

டாக்டர் தலையாட்டினார். "இப்படிச் சொல்லிட்டுப் போனவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்மா. ஒருத்தரும் திரும்பி வரலை. ஒண்ணு, இன்னிக்கே ஆபரேஷன். இல்லைன்னா நாய் பவுண்டுக்குத் திரும்பிப் போகட்டும். என்னால வேற மாதிரி சொல்ல முடியாது."

பவுண்டுக்குத் திரும்பினால் சாயங்காலம் வண்டி. அது அங்கே நின்ற எல்லோருக்குமே தெரியும்.

ரோசம்மாள் புருஷனின் சட்டைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எருமைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நாளைக்கு கோயிலுக்குப் போய் வந்து சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். "இங்க மாட்டுக்கு நடுவுல சொல்லணும்னு கீது, இன்னா பண்றது. எனக்கு மூணு மாசம்."

அவனுக்கு முதலில் புரியவில்லை.

"டாக்டரம்மா பாத்துட்டாங்க. இந்தத் தபா மெய்யாலுமே. ரெண்டு வாட்டி உன்னை ஏமாத்திட்டேன்ல, அதான் நல்லாத் தெரிஞ்சிக்கினு சொல்லலாம்னு வாயத் தொறக்கல." அவள் கண் நிறைந்துவிட்டது. "என் வயித்துல ஒண்ணு இருக்கச் சொல்ல அது வயித்த அறுங்கன்னு எப்படியா சொல்லுவேன்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று வருஷம் அவள் காத்திருந்தது அந்த முகத்தில் அந்த நேரத்தில் என்ன வரும் என்று பார்க்கத்தான்.

யேசுதாஸ் சிரித்தான். எப்படிச் சிரித்தான் என்று அவனுக்கே தெரியாது.

"சரி" என்றான். "அழாத. நா பேசறேன்."

*

டாக்டரிடம் அவனே பொறுப்பு ஏற்றுக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அவரை இளக வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"குட்டிகள் பால் மறந்ததும் தாயைக் கொண்டு வரணும். குட்டியில பெட்டை இருந்தா, வளர்ந்ததும் அதுகளையும் கொண்டு வரணும். வாய் வார்த்தையை நம்பி நான் விட மாட்டேன். பச்சையப்பன் உங்க பக்கம்தானே இருக்கார். அவர் அப்பப்ப உங்க வீட்டுக்கு வந்து நாயைப் பார்த்துட்டுப் போவார். சம்மதமா?"

"வரட்டும் சார், தாராளமா வரட்டும்" என்றாள் ரோசம்மாள், மகிழ்ச்சியில். "ஐயா வந்தா காப்பித் தண்ணி போட்டுத் தரேன்."

பச்சையப்பன் நாயின் வாய்க்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "வரேம்மா" என்றார். யேசுதாஸின் பக்கம் அவர் திரும்பவில்லை.

ரோசம்மாள் நாயை வெளியே நடத்திப் போன பிறகும் யேசுதாஸ் அங்கேயே நின்றான். டாக்டர் பேசினில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இந்த ஆபரேஷன் ஆம்பளைக்கு... ஆம்பள நாய்க்குப் பண்ணா, அப்பால அதால குட்டி உண்டாவுமா?"

டாக்டர் சிரித்தார். "விதையையே எடுத்துடறோம். அப்புறம் எப்படி உண்டாகும்?"

"எப்பனா ஒண்ணு ரெண்டு?"

"ஒண்ணுகூட உண்டாகாது. வேற நாய் வந்து போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போனார்.

நாயைப் பற்றி அவர் சொன்னது சரிதான். மனுஷனுக்குச் செய்வது வேறு ஆபரேஷன். அது சில பேருக்குப் பலிக்காமல் போவதும் உண்டு. யேசுதாஸ் மனுஷனைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர் அதையும் சொல்லியிருப்பார். அவன் கேட்கவில்லை.

*

மத்தியான வெயிலில் காக்களூர் ரோட்டில் நடந்தார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நாய் ரோசம்மாளின் கையில். வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்குப் போகப் போவதில்லை என்றாள். பெயர் என்ன வைக்கலாம் என்றாள். நாய்க்கும் தனக்கும் யாருக்கு முதலில் ஆகும் என்று கேட்டுத் தானே சிரித்தாள். "நாய்தான். அது ஒரு மாசத்துல போட்டுடும், இல்ல?"

"ம்" என்றான்.

அவன் மனசு கொல்லைக் கதவில் மாட்டிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் கதவுக்கு உள்பக்கம் இருப்பது. வெளியிலிருந்து தள்ளினவன் அதை எப்படி நகர்த்தியிருப்பான்? பழைய கதவு, ஆட்டினால் தாழ் நழுவும் என்று நேற்றுவரை அவனே சொல்லிக்கொண்டிருந்தான். இன்றைக்கு அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை. யாரோ உள்ளே வரப் பார்த்தார்கள் என்றுதானே இத்தனை நாளும் நினைத்தோம், உள்ளே இருந்து யாராவது போயிருந்தால்? தடம் இல்லாமல் போகிறவன் யார்? அந்தக் கொல்லையில் எங்கே கல், எங்கே மண் என்று தெரிந்தவன்.

நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அவள் கிழிந்த காதைத் தடவிக் கொடுத்தபடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் போல் ஒருத்தி அப்படிச் செய்வாளா? செய்ய மாட்டாள். ஆனால் கூடாரத்தில் அந்தக் கிழவர் விளக்கிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு இன்னும் நினைவிருந்தது. உனக்கு இனிமே கிடையாது தம்பி என்றுதான் அவர் முடித்தார்.

வாயைத் திறந்து கேட்டுவிடலாம். கேட்டால் முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக அவள் வாங்கின ஏச்சுக்கெல்லாம் தான்தான் காரணம் என்று சொல்ல வேண்டும்.

அவன் கேட்கவில்லை.

*

வீட்டு வாசலில் தானியேலின் செருப்பு கிடந்தது. எளாவூரிலிருந்து லாரி சீக்கிரமே திரும்பியிருக்கிறது போல. கொல்லையில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

யேசுதாஸ் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நாயை வாங்கிக்கொண்டான். ரோசம்மாள் முகத்தைக் கழுவினாள். நாய்க்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு போர்பம்புக்குப் போனாள். நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கக் குனிந்தபோது கொல்லையிலிருந்து தானியேல் ஈரக் கையோடு ஓடி வந்தான்.

"அண்ணி, வுடு அத்த. வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா அம்மாந் தூரம் சொன்னாங்க, காதுல வாங்கினியா நீ?"

குடத்தை அவள் கையிலிருந்து பிடுங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். அப்புறம்தான் வாசல் பக்கம் நின்ற அண்ணனைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா அண்ணி?"

ரோசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

யேசுதாஸ் நாயின் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"நான்தான அண்ணாத்தே இட்டுக்கினு போனேன். உனக்கு டபுள் ஷிப்டு அன்னிக்கு. யாருக்கும் சொல்லாத, உனக்குக்கூட சொல்லக் கூடாதுன்னு என் தலைல அடிச்சு சத்தியம் வாங்கினு பூட்டாங்க அண்ணி." தானியேல் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். அண்ணனைக் கட்டிப் பிடித்தான். சோப்புத் தண்ணீர் யேசுதாஸின் சட்டை முதுகெல்லாம் நனைத்தது. அவன் கைகள் தம்பியின் முதுகுக்கு எழும்பவில்லை.

"அடுத்த லோடு எப்ப?" என்று கேட்டான் யேசுதாஸ். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு சாயங்காலம். எளாவூரு தாண்டி, ஆந்திராவுக்குள்ள."

"டிரைவரு பக்கத்துல எடம் கீதா?"

"எதுக்கு?"

"நா நாளைக்கு ஷிப்டுக்குப் போவல. உன்கூட வரேன்."

தானியேலுக்கு நம்ப முடியவில்லை. அண்ணியைப் பார்த்தான். ரோசம்மாளும் ஆச்சரியப்பட்டுத்தான் போனாள். பிள்ளைக்காக மாதாவுக்கு ஏதோ நேர்த்திக்கடன் செலுத்தத்தான் அவர் வழியில் இறங்கப் போகிறார் போல என்று தனக்குள்ளேயே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். அந்த நினைப்பே அவளுக்கு நிறைவாக இருந்தது.

"அண்ணனும் தம்பியும் போய் வாங்க" என்றாள். "எனக்கு இன்னா பயம் இனிமே? நாய்தான் கீதே."

"வா அண்ணாத்தே" என்றான் தானியேல், அண்ணனின் தோளில் கைபோட்டு. "நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு எடத்துக்குப் போய் எம்மா வருசமாச்சு."